பொயிலர் தண்ணீர் எங்கே போகிறது?



இங்கிலாந்தில் இருக்கும் உங்களில் பலர் குளிர்காலம் தொடங்கினால் என்னிடம் ஒரே விசயத்தைத்தான் கேட்கிறீர்கள். "சேர், வீட்டு ஹீற்றிங் நிண்டு போச்சு. பொயிலரில அமுக்கம் குறைவு எண்டு காட்டுது. தண்ணி விட்டா ரெண்டு நாள் நிக்குது, பிறகும் இறங்குது. என்ன செய்ய?"

நான் பொயிலர் திருத்துபவன் இல்லை. 34 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். ஆனால் இந்தக் கேள்வி நாங்கள் உயர்தர வகுப்பில் படித்த பாடம்தான். அதோடு, மகள் வீட்டில் வந்து நிற்கும் இந்த நாட்களில், லண்டனிலேயே என்னுடைய அக்கா வீட்டில் நடந்ததையும் பார்த்தேன். அக்காவிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் இந்த ஹீற்றிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அங்கே இப்போது அநேகமான வீடுகளில் இருப்பது மூடிய தொகுதி. பொயிலர் தண்ணீரைச் சூடாக்கும், பம் அதைக் குழாய் வழியே ஒவ்வொரு அறை ரேடியேற்றருக்கும் தள்ளும், ஆறிய தண்ணீர் திரும்பப் பொயிலருக்கு வரும். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி ஓடும். குசினிப் பைப்பில் வரும் தண்ணீரும் இதுவும் கலப்பதில்லை. ஆகவே "பைப்பில தண்ணி நல்லா வருது, பிறகேன் அமுக்கம் குறைவு?" என்ற குழப்பம் வேண்டாம். அது வேறு, இது வேறு. (பழைய சில வீடுகளில் மேலே கூரைக்குள் தண்ணீர்த் தாங்கி வைத்த ஹீற்றிங் இருக்கும். நான் எழுதுவது அதற்குப் பொருந்தாது.)

பொயிலரில் ஒரு அமுக்கமானி இருக்கும், முள்ளாகவோ இலக்கமாகவோ. அலகு 'பார்'. ஹீற்றிங் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை நிற்கவேண்டும். சூடேறினால் கொஞ்சம் ஏறி, ஆறினால் திரும்ப இறங்கும். அது இயல்பு. 3 பாருக்கு வந்தால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வீட்டுக்கு வெளியே விட்டுவிடும். மறுபக்கம், அமுக்கம் அரைப் பார் அளவுக்கு இறங்கினால் அநேகமான பொயிலர்கள் தாமாகவே நின்றுவிடும். தண்ணீர் போதாமல் சூடாக்கினால் பொயிலருக்குக் கேடு என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். தொட்டி இல்லாமல் பொயிலரே குளிக்கவும் சுடுதண்ணி தருகிற வகை என்றால், ஹீற்றிங்கோடு அதுவும் நின்றுவிடும்.

ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அமுக்கம். இரண்டு மாடி வீட்டின் மேல்மாடி ரேடியேற்றர் வரை தண்ணீர் நிறைந்து நிற்க அது தாராளமாகக் காணும்.

அமுக்கம் இறங்கினால் ஏற்றுவது கஷ்டமில்லை. பொயிலருக்குக் கீழே வெள்ளிக் கம்பி பின்னினது போல ஒரு வளையும் குழாயும் அதன் இரண்டு முனையில் இரண்டு சின்ன வால்வும் இருக்கும். சில பொயிலர்களில் அதற்குப் பதிலாக உள்ளேயே ஒரு கைபிடியோ திறப்போ இருக்கும். பொயிலரை நிறுத்தி ஆறவிட்டு, வால்வுகளை மெதுவாகத் திறந்தால் தண்ணீர் போகும் சத்தம் கேட்கும். 1.2 அளவில் வந்ததும் இரண்டையும் இறுக்கிப் பூட்டவேண்டும். ஒன்று சரியாகப் பூட்டாவிட்டால் அமுக்கம் ஏறிக்கொண்டே போய்ப் பாதுகாப்பு வால்வைத் திறந்துவிடும். வளையும் குழாயைப் பாவித்து முடிந்ததும் கழற்றி வைக்கவேண்டும் என்பது அந்த நாட்டு நீர்விதி. ஹீற்றிங் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காக.

எல்லாரும் இதுவரை அறிந்திருக்கிறீர்கள். பிழை இதற்குப் பிறகுதான் நடக்கிறது.

எங்கட ஊரில் சைக்கிள் ஓடாத பிள்ளை இல்லை. டியூப் காற்றுப் போனால் என்ன செய்வோம்? ஒருநாள் அடிப்போம். மறுநாளும் போயிருந்தால் திரும்ப அடிப்போம். மூன்றாம் நாள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டயரைக் கழற்றி, டியூப்பைத் தண்ணீர்ப் பேசினில் அமத்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்போம். காற்று அடிப்பது திருத்தம் இல்லை என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பொயிலர் என்று வந்ததும் மாதக்கணக்காகத் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறோம். மூடிய தொகுதியில் தண்ணீர் ஆவியாகிப் போகாது. குறைந்தால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

ரேடியேற்றரில் காற்றுத் திறந்து விட்ட பிறகு அமுக்கம் இறங்கினால் அதற்குக் காரணம் தெரியும். ஒருதரம் தண்ணீர் விட்டால் சரி. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை விடுவதும் பெரிய விசயமில்லை. மாதத்துக்கு ஒருதடவை, கிழமைக்கு ஒருதடவை என்று வந்தால் நிற்க வேண்டும்.

ஏன்? புதுத் தண்ணீரில் ஒட்சிசன் கரைந்திருக்கிறது. அது ரேடியேற்றரின் உள் இரும்பைத் தின்னும். நீண்டநாள் சுற்றும் பழைய தண்ணீரில் அந்த ஒட்சிசன் முடிந்திருக்கும், அதனால் அரிப்புக் குறைவு. புதிதாக விட விட அரிப்பும் புதிதாகத் தொடங்கும். கறுப்புச் சேறு சேர்ந்து ரேடியேற்றரின் அடிப்பக்கம் சூடேறாமல் போகும், பம் அடைபடும். துருப் பிடிக்காமல் இருக்க ஊற்றிய மருந்தும் ஐதாகும். அதோடு லண்டன் தண்ணீர் எங்கட யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் போலச் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிறதல்லவா, அதே படை பொயிலருக்குள்ளும் பிடிக்கும்.

இனி அக்கா வீட்டு விசயம்.

அக்காவுக்கு 78 வயது, அத்தானுக்கு 82. அத்தான் மூச்சிழுப்பு உள்ளவர், முந்தின வருடம் நிமோனியா வந்து ஆசுப்பத்திரியில் இருந்தவர். மகன், என் மருமகன், வேறு நகரத்தில் இரவு வேலை. ஒவ்வொரு நாளும் தாயோடு கதைப்பான். ஒவ்வொரு நாளும் அக்கா சொல்வது "ஓம் அப்பு, நல்லா இருக்கிறம்."

தைப்பொங்கலுக்கு மறுநாள் நான் அங்கே போனேன். கதவு திறந்த அக்கா வெளியே போகிற கோட்டோடு நின்றா. இப்பதான் வந்தவவாக்கும் என்று நினைத்து உள்ளே போனால், நடையில் மாட்டியிருந்த வெப்பமானியில் 13 பாகை. முன்னறையில் சின்ன மின்சார ஹீற்றர் ஒன்றுக்கு முன்னால் அத்தான் மூன்று போர்வையோடு இருந்தார். குளிக்கக் கேத்திலில்தான் தண்ணி கொதிக்க வைக்கிறார்கள். வயதானவர்கள் இருக்கும் அறை குறைந்தது 18 பாகையில் இருக்கவேண்டும் என்று அந்த நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

"எத்தனை நாளா அக்கா?"

"ஒன்பது நாள். முந்தி தண்ணி விட்டு விட்டுச் சமாளிச்சனான். இப்ப இந்த விரல் அந்த வால்வைத் திருப்புதில்லை, தம்பி."

"அவனுக்குச் சொல்லேல்லையோ?"

"அவன் இரா முழுக்க வேலை செய்யிறவன். ஏன் அவனுக்குக் கரைச்சல்? ஐப்பசியில ஒராளைக் கூப்பிட்டுக் காட்டினனான். தண்ணி விட்டிட்டு, பொயிலரையே மாத்த வேணும், ரெண்டாயிரத்துக்கு மேல முடியும் எண்டார். அவ்வளவு காசை அவனிட்டை எப்படிக் கேக்கிறது?"

பொயிலர் குசினி அலுமாரிக்குள் இருந்தது. கதவின் உட்பக்கம் கோயில் கலண்டர். அதில் சில திகதிகளில் பென்சிலால் புள்ளி. தண்ணீர் விட்ட நாட்கள் என்றா அக்கா. சித்திரையில் ஒரு புள்ளி. ஆனியில் ஒன்று. புரட்டாதியில் மூன்று. கார்த்திகையில் கிழமைக்கு இரண்டு. மார்கழியில் ஒன்றுவிட்ட நாள் புள்ளி. நான் எத்தனையோ பிள்ளைகளின் செய்முறைக் கொப்பி திருத்தியவன். இவ்வளவு ஒழுங்கான அவதானிப்பை அதிகம் பார்க்கவில்லை.

முள் 0.4-இல் நின்றது. நான் வால்வைத் திறந்து 1.2-க்குக் கொண்டுவந்தேன். பொயிலர் உடனே பற்றியது. ஒரு கதிரையைப் போட்டு முள்ளுக்கு முன்னால் இருந்தேன். அரை மணித்தியாலத்தில் 2, பிறகு 2.5, பிறகு 3-க்குக் கிட்ட. உடனே பின்வளவுக்குப் போனேன். குப்பை வாளிக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு செப்புக் குழாய் வெளியே வந்து திரும்பச் சுவர்ப்பக்கம் வளைந்திருந்தது. அதிலிருந்து சூடான தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, நிலத்தில் பனிக்கட்டி. பல மாதமாகத் தண்ணீர் அந்த வழியால்தான் போயிருக்கிறது. வாளி மறைத்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

என்னிடம் உயர்தரத்தில் படித்த ஒரு பிள்ளை லண்டனில் காஸ் வேலைக்குப் பதிவு பெற்ற எஞ்சினியர். பெயர் போடவேண்டாம் என்றார், போடவில்லை. தொலைபேசியில் முள்ளின் கதையையும் கலண்டரின் கதையையும் சொன்னேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், இது நீங்கள் படிப்பிச்ச போயிலின் விதி."

அது எப்படி என்று பார்ப்போம். கொப்பியை எடுங்கள்.

தண்ணீர் சூடேறினால் விரியும். வீட்டுத் தொகுதியில் 100 லீற்றர் தண்ணீர் இருப்பதாக வையுங்கள். 10 பாகையிலிருந்து 70 பாகைக்குப் போனால் அது ஏறக்குறைய 2 லீற்றர் கூடும். தண்ணீரை அமத்திச் சுருக்க முடியாது. மூடிய குழாய்க்குள் அந்த 2 லீற்றர் எங்கே போகும்? அதற்காகத்தான் பொயிலருக்குள் ஒரு விரிவுப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். நடுவில் இறப்பர்த் தோல், ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. தண்ணீர் விரிந்தால் காற்று சுருங்கி இடம் கொடுக்கும்.

1662-இல் போயில் வெளியிட்ட விதி: வெப்பநிலை மாறாதபோது, குறித்த திணிவு வாயுவின் அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கினால் வருவது மாறிலி. அமுக்கமானி வளிமண்டலத்துக்கு மேலான அமுக்கத்தைத்தான் காட்டும், ஆகவே கணக்குக்கு 1 கூட்டவேண்டும். 1.2 என்று காட்டினால் உண்மை அமுக்கம் 2.2.

பாத்திரம் நல்ல நிலையில், ஆறியிருக்கும்போது 6 லீற்றர் காற்று இருக்கிறது. 2.2 × 6 = 13.2. தண்ணீர் 2 லீற்றர் விரிந்ததும் காற்று 4 லீற்றர். 13.2 ÷ 4 = 3.3. முள் 2.3 காட்டும். பிரச்சினை இல்லை.

வருடக்கணக்கில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, அதே 1.2-இல் 2 லீற்றர் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைப்போம். 2.2 × 2 = 4.4. பாதுகாப்பு வால்வு 3-இல் திறக்கும், உண்மை அமுக்கம் 4. 4.4 ÷ 4 = 1.1. அதாவது காற்று 1.1 லீற்றருக்குச் சுருங்கியதும், 0.9 லீற்றர் விரிவு வந்ததுமே, வால்வு திறந்துவிடும். மிச்ச 1.1 லீற்றர் தண்ணீர் வெளியே போகும். இரவு ஹீற்றிங் ஆறும்போது, போன தண்ணீரின் இடத்தையும் சேர்த்துக் காற்று 3.1 லீற்றராக விரியும். 4.4 ÷ 3.1 = 1.42. ஒன்றைக் கழியுங்கள். முள் 0.4. பொயிலர் நின்றுவிடும்.

கலண்டரில் புள்ளி ஏன் நெருங்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது. 4 லீற்றர் காற்று இருந்தபோது கடைசிச் சொட்டுத்தான் வெளியே போயிருக்கும். காற்று குறையக் குறைய ஒவ்வொரு சூட்டுக்கும் போகிற தண்ணீர் கூடியது. அதோடு, அந்த வால்வு அடிக்கடி திறந்தால் ஊத்தை பிடித்துச் சரியாக மூடாது. பிறகு சும்மா நிற்கும்போதும் சொட்டும்.

அடுத்தநாள் அந்தப் பிள்ளை வந்தார். முதலில் தன் அடையாள அட்டையை அக்காவிடம் காட்டினார். சொந்தச் சேரின் அக்கா வீடு என்றாலும் முறை முறைதான். பொயிலரின் தண்ணீர் அமுக்கத்தை இறக்கி, விரிவுப் பாத்திரத்தின் வால்வை அமத்திப் பார்த்தார். அது கார்ச் சில்லில் இருக்கிற மாதிரியான வால்வு. தண்ணீர் வந்தால் தோல் கிழிந்திருக்கிறது, பாத்திரத்தை மாற்றவேண்டும். தண்ணீர் வரவில்லை. தோல் நன்றாக இருக்கிறது, காற்றுத்தான் இல்லை. கொண்டுவந்த பம்மால் காற்று அடித்தார். கார்ச் சில்லுக்கு அடிக்கிற அதே பம். சொட்டிய பாதுகாப்பு வால்வைப் புதிதாக மாற்றினார். மாற்றவே வேண்டும் என்ற பொயிலர் அன்று பின்னேரம் முழு வீட்டையும் சூடாக்கியது. ஆறினால் 1.2, சூட்டில் 1.9. தை முடியும்வரை கலண்டரில் ஒரு புள்ளியும் இல்லை.

எல்லா வீட்டிலும் காரணம் இதுவாக இராது. நீங்களாகப் பார்க்கக் கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, முள்ளை இரண்டு நேரம் பாருங்கள்: காலையில் ஆறியிருக்கும்போதும், ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகும். சூட்டில் 3-க்குக் கிட்டப் போய், ஆறினதும் ஒன்றுக்குக் கீழே விழுந்தால் விரிவுப் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள். சூட்டில் அவ்வளவு ஏறாமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வேறெங்கோ ஒழுக்கு.

இரண்டாவது, வெளியே அந்தச் செப்புக் குழாயைப் பாருங்கள். கையை முனைக்குக் கீழே பிடிக்கவேண்டாம், கொதிதண்ணி வரலாம். பொயிலர் ஆறியிருக்கும்போது ஒரு பொலித்தீன் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு மறுநாள் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். பார்த்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு ரேடியேற்றரின் இரண்டு பக்க வால்வையும் காய்ந்த ரிசுப் பேப்பரால் துடையுங்கள். ஈரம், துரு, பச்சைக் கறை இருந்தால் அதுதான் இடம். சின்ன ஒழுக்கு சூட்டில் காய்ந்துவிடும், கறைதான் மிஞ்சும்.

நான்காவது, கீழ்மாடிச் சீலிங்கில் மஞ்சள் கறை, நிலத்தில் ஓரிடத்தில் மட்டும் இளஞ்சூடு, மரத்தரை உப்புதல். குழாய் தரைக்குள் ஒழுகினால் இப்படித்தான் காட்டும்.

இவை ஒன்றும் இல்லையென்றால் பொயிலருக்குள்ளேயே ஒழுக்கு இருக்கலாம். எஞ்சினியர் பொயிலரை நிறுத்தி, வீட்டுக் குழாய்களோடு இணைக்கும் வால்வுகளைப் பூட்டிவைத்து, பொயிலர்ப் பக்க முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் ஒழுக்கு பொயிலரில், இறங்காவிட்டால் வீட்டுக் குழாயில்.

செய்யக்கூடாதது ஒன்று: பொயிலரின் மூடியைக் கழற்றாதீர்கள். இதை வாசித்துவிட்டு நீங்களே பம் எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். மூடி பிழையாகப் பூட்டினால் காபனோரொட்சைட்டு வீட்டுக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டு சத்தமிடும் அலாரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காஸ் வேலை செய்பவர் காஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அட்டையைக் கேளுங்கள். அவர் என்னென்ன வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று பின்பக்கத்தில் இருக்கும். "தெரிஞ்ச பெடியன், மலிவாச் செய்வான்" என்பது இந்த விசயத்தில் சரிவராது. பொயிலரை மாற்றவேண்டும் என்று ஒருவர் சொன்னால், எது பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தாய் தகப்பன் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. "நல்லா இருக்கிறீங்களோ?" என்று கேட்டால் "நல்லா இருக்கிறம்" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று எங்கட சனம் குளிரைக்கூட மறைக்கும். மருமகன் அன்று இரவு தாயோடு கதைத்தபோது அழுதான். அவன் அக்கறையில்லாத பிள்ளை இல்லை. அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் வேறு பதில் வராது, அவ்வளவுதான். இப்போது அவன் கேட்பது, "அம்மா, முள் எத்தினையில நிக்குது?" என்று. அக்காவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துச் சொல்கிறா. இலக்கத்தில் பொய் சொல்ல அவவுக்கு வராது.

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு சொல். ஒன்பது நாள் குளிரில் இருந்து நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசு, ஒருநாள் ஆசுப்பத்திரியில் பிள்ளை படுகிற பாட்டுக்கு ஈடாகாது. சொல்லிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுப்பாடம்: பெற்றோர் வீட்டு அமுக்கமானியைக் காலையில் ஒரு படம், ஹீற்றிங் ஓடிய பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளியே அந்தச் செப்புக் குழாய் எங்கே இருக்கிறது என்று நீங்கள் போகும்போது நேரில் பாருங்கள். முன்னால் குப்பை வாளி நின்றால் தள்ளி வையுங்கள்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சேர்